நட்சத்திரம் போட்ட சொல்

குமரேசன் சார் வந்து நின்றபோது நான் தயிர்சாதத்தின் கடைசி வாயில் இருந்தேன். உதவி மையத்து மேஜைக்கு அந்தப் பக்கம், கயிறு கட்டியிருக்கிற இடத்தில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வேங்கிக்காலில் இருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறவர், கிரிவலப் பாதையில் கால் வைத்ததுமே செருப்பைக் கழற்றிவிடுவார். ஆவணி வெயில் தார் ரோட்டில் பழுத்துக் கிடந்தது. காலையிலேயே பௌர்ணமி முடிந்துவிட்டதால் கூட்டம் வடிந்து, கூட்டிப் பெருக்குகிறவர்களும் அவர்கள் குவித்து வைத்த வாழைப்பழத் தோலைத் தேடி வந்த ஆடுகளும்தான் பாதையில் மிச்சம்.

"இருங்க சார், கை கழுவிட்டு வரேன்."

"மெதுவா மேடம். அவசரமில்ல."

இரண்டு வருஷமாக இதையேதான் சொல்கிறார். அவசரமில்லை என்கிற இந்த ஆள் ஒரு பௌர்ணமியைக்கூடத் தவறவிட்டதில்லை.

மற்ற நாளெல்லாம் நான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன். பௌர்ணமி வந்தால் மட்டும் அடி அண்ணாமலையில் வியாபாரிகள் போடுகிற உதவி மையத்தில் மைக் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள். தமிழ் வரும், வீட்டில் பேசுவது உருது, கல்யாணமான புதிதில் சித்தூரில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியதில் தெலுங்கும் ஒட்டிக்கொண்டது. இப்போது பௌர்ணமிக்கு வருகிற கூட்டத்தில் பாதி தெலுங்குதானே. காணாமல் போன குழந்தை, கை விட்டுப்போன கிழவி, போன் சார்ஜ் இறங்கிப்போன புருஷன் என்று யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். என் வீட்டுக்காரர் பாசில் சொல்வார்: "ஊர் ஜனத்தையெல்லாம் கூப்பிட்டுச் சேத்து வை. உன் பையன் ட்யூஷனுக்குப் போனானா வந்தானான்னு பாக்க ஆளில்ல." வாய்தான். ஆனால் பௌர்ணமியன்று எனக்குத் தொண்டைக்கு இஞ்சி டீ போட்டு ப்ளாஸ்க்கில் ஊற்றிக் கொடுப்பதும் அதே ஆள்தான்.

இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பேர், ஊர், காத்திருக்கிற ஆள் யார் என்பது, இந்த மூன்றும் இல்லாமல் மைக்கில் யாரையும் கூப்பிடக் கூடாது. எங்கள் ஹோம்கார்டு பரசுராமண்ணா போட்ட சட்டம். எனக்கு முன்னால் பிரசாத் என்று ஒரு பையன் இருந்தானாம். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைக்கு அம்மா பேர் சொல்லத் தெரியவில்லை என்று, "அம்மா, சீக்கிரம் வாங்க, குழந்தை அழுவுது" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். அவ்வளவுதான். பாதையில் இருந்த அத்தனை அம்மாக்களும் வந்துவிட்டார்கள். பந்தல் கால் முறிந்து, மேஜை கவிழ்ந்து, ஒரு அம்மா இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே 'என் குழந்தை எங்கே' என்று கத்தினாளாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பரசுராமண்ணா சிரிக்கவில்லை. "அம்மாங்க வந்ததுகூடப் பரவால்லம்மா" என்றார். "அதோட நின்னிருந்தா சரி." அதற்கு மேல் கேட்டால் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து மைக்கைப் போட்டேன். எனக்கு மனப்பாடம்.

"வேங்கிக்காலைச் சேர்ந்த அருணாதேவி அவர்கள், மாம்பழக் கலர் புடவை, பச்சை பார்டர். உங்கள் கணவர் குமரேசன் அடி அண்ணாமலை உதவி மையத்தில் காத்திருக்கிறார். எங்கிருந்தாலும் வரவும்."

தமிழில் சொல்லி, தெலுங்கிலும் சொன்னேன். பாதை நெடுக மரத்துக்கு மரம் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக என் குரலைத் தூக்கிக்கொண்டு போய் எங்கோ விட்டன. குமரேசன் சார் தலையைச் சாய்த்துக் கடைசி ஸ்பீக்கர் அடங்குகிற வரைக்கும் கேட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். வியாபாரிகள் சங்கத்தில் ஒருத்தர் என்னிடம் கேட்டார், "இன்னும் எதுக்கும்மா அந்தப் பேரைச் சொல்ற, ஜனங்க பயப்படுது" என்று. "உங்க சம்சாரம் காணாம போனா எத்தினி மாசம் கூப்பிடணும்னு சொல்லுங்க, அதே கணக்கை இவருக்கும் வெச்சுக்கறேன்" என்றேன்.

அருணாதேவி காணாமல் போனதை நான் குமரேசன் சார் வாயாலேயே கேட்டிருக்கிறேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரு பங்குனி பௌர்ணமிக்கு, சாயங்கால வெயிலில், கிரிவலம் நடந்திருக்கிறார்கள். இவர் எப்போதும் வேகமாக நடக்கிற ஆள். அவள் பின்னால் வந்தாள். கலெக்டர் ஆபீசில் இருந்து இவருக்கு ஒரு போன். பேசிக்கொண்டே நடந்தார். அவள் ஏதோ சொன்னாள், கால் வலிக்குது, கொஞ்சம் உக்காரலாமா என்கிற மாதிரி. இவர் போனைக் காதில் இருந்து எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல், "வா" என்றார். போன் பேசி முடித்துத் திரும்பினால் ஆள் இல்லை. அவள் போன் இவர் பையில் இருந்தது. செருப்பு வீட்டில். போலீஸ் கேமராவில் எல்லாம் பார்த்தார்கள். ஒரு கேமராவில் இரண்டு பேரும் போகிறார்கள், அடுத்த கேமராவில் இவர் மட்டும் வருகிறார். நடுவில் சந்து இல்லை, வீடு இல்லை. ஒரு பக்கம் மலையடிவாரக் காட்டுக்குப் போட்ட கம்பி வேலி, இன்னொரு பக்கம் மதில். ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் பேசியது. ஊர் பேசாமல் இருந்தால்தான் அதிசயம்.

"கடைசியா அவகிட்ட நான் பேசினது ஒரே வார்த்தை மேடம்" என்றார் ஒருமுறை. "நாயைக் கூப்பிடறவன்கூட அதோட மூஞ்சியைப் பாத்துத்தான் கூப்பிடுவான்."

அதிலிருந்துதான் அவருக்கு இந்தப் பித்து பிடித்தது. முதலில் என்னிடம்தான் கேட்டார், "உங்க வீட்ல வா-ன்றதுக்கு இன்னா சொல்வீங்க?" என்று. "ஆ" என்றேன். "அவ்ளோதானா?" "அவ்ளோதான் சார். வாயைத் திறந்தா போதும்." அடுத்த மாதம் வந்து, உங்க ஆவும் எங்க வாவும் சொந்தமில்லையாம் மேடம், அது வேற வம்சம் என்றார், ஏதோ கல்யாணத்துக்குச் சம்பந்தம் பேசிவிட்டு ஜாதகம் பொருந்தவில்லை என்கிற மாதிரி. கர்நாடகாவில் இருந்து வந்த பக்தர்களை வழி மறித்துக் கேட்டார். அவர்கள் 'பா' என்றார்கள். தெலுங்கில் 'ரா' இருக்கிறதே, அது மட்டும் எப்படி மாறியது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, பிறகு ஒருநாள் சின்னப் பிள்ளை மாதிரி ஓடி வந்தார். அதற்கும் முன்னால் ஒரு வ இருந்ததாம், இடம் மாறி, தேய்ந்து, உதிர்ந்துபோய் ரா மட்டும் மிச்சமாம். ஆசிரமத்துக்கு எதிரே காபிக் கடையில் உட்கார்ந்திருக்கிற ஜெர்மன்காரர் ஒருத்தர் பாஷைகளைப் படித்தவராம், அவர்தான் இதற்கெல்லாம் புத்தகம் கொடுத்தது.

எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்த வார்த்தை கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே போய்க்கொண்டே இருந்தது. நடு இந்தியாக் காட்டில் கோண்டு ஜனங்களிடம் இருக்கிறது என்றார். பலூச்சிஸ்தானில், பாலைவனத்துக்குப் பக்கத்தில், ஆடு மேய்க்கிறவர்களிடம் இருக்கிறது என்றார். வேங்கிக்காலில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் புது வீடு கட்டுகிறார்கள். ஜார்க்கண்டில் இருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பும்போது, மணல் குவியல் மேல் ஏறின குழந்தையை ஒரு சித்தாள் பெண் 'பரா' என்று கூப்பிட்டிருக்கிறாள். இந்தி இல்லை, அவர்கள் வீட்டுப் பாஷை. "அப்படியே நின்னுட்டேன் மேடம். வண்டியை ஸ்டாண்டுகூடப் போடல. எங்கயோ இருந்து வந்தவ, அவளுக்கு என் பாஷையில ஒரு எழுத்து தெரியாது. ஆனா கூப்பிடும்போது எங்க அம்மா மாதிரிக் கூப்பிடறா." சொல்லும்போது அவர் முழங்கையில் மயிர் நட்டுக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் நட்சத்திரம் வந்தது. இத்தனை பாஷையிலும் சிதறிக் கிடக்கிற வார்த்தைகளை வைத்து, அதற்கெல்லாம் முன்னால் இருந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்களாம். பேரப்பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, மூக்கையும் தாடையையும் பார்த்து, போட்டோ எடுக்காமலே செத்துப்போன தாத்தா முகத்தை வரைகிற மாதிரி. அப்படிக் கண்டுபிடித்த வார்த்தைக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுவார்களாம்.

"எதுக்கு சார் நட்சத்திரம்?"

"இதை யாரும் காதால கேட்டதில்லன்னு அர்த்தம்."

இப்படிச் சொல்லிவிட்டு அவர் மலையைப் பார்த்தார். எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. அவர் அந்த நட்சத்திரம் போட்ட வார்த்தைக்கும் முன்னால் போக ஆரம்பித்திருந்தார். புத்தகத்தில் அதற்கு மேல் இல்லை, ஜெர்மன்காரரே போதும் என்று சொல்லிவிட்டாராம். இவர் விடவில்லை. எவனோ ஒருத்தன் முதல்முதலாக வாயைத் திறந்து இன்னொரு ஆளைக் கூப்பிட்டிருப்பான் இல்லையா, அது வேண்டும் என்றார். "சொல்லிச் சொல்லித் தேஞ்சு போச்சு மேடம். இப்ப நாம சொல்ற வா இருக்குதே, பக்கத்துல இருக்கறவனுக்கே பாதிதான் காதுல உழுது. அது புதுசா இருந்தப்ப, கேட்டவங்க வராம இருந்திருக்கவே முடியாது."

"கூப்பிட்ட உடனே வர்றதுக்கு உங்க வீட்டம்மா என்ன வேலைக்காரியா சார்?" என்றேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்படித்தான் வெச்சிருந்தேன்" என்றார்.

இது போன மாதம். இந்த மாதம் நாற்காலியில் உட்கார்ந்தவர் மலையையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பரசுராமண்ணா சாப்பிடப் போயிருந்தார். மைக் செட் கலையரசன் அந்தக் கோடியில் இருந்து ஸ்பீக்கர்களைக் கழற்றிக்கொண்டு வரக் கிளம்பிக்கொண்டிருந்தான். பௌர்ணமி சீக்கிரம் முடிந்ததால் இன்னும் கொஞ்ச நேரத்தில் மையம் மூடிவிடும் என்று தெரிந்துகொண்டோ என்னவோ, குமரேசன் சார் எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், கெடச்சிடுச்சு."

"என்ன சார் கெடச்சிடுச்சு?"

"அந்த வார்த்தை. நேத்து காலைல பல்லு வெளக்கும்போது வாயில வந்துடுச்சு. வந்ததும் பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டி கயித்தை அறுத்துக்கினு வாசல்ல வந்து நின்னுது. மாடி வீட்டுப் பாப்பா எறங்கி வந்து 'அங்கிள் கூப்ட்டீங்களா'ன்னுது. மேடம், உங்க கால்ல வேணா உழறேன். ஒரே ஒரு தடவை மைக்ல சொல்லிடுங்க."

"பேர் என்ன சேத்துச் சொல்லணும்?"

"பேரெல்லாம் வேணாம். அந்தக் காலத்துல பேரே இல்ல மேடம்."

"அப்போ முடியாது" என்றேன். "சார், நீங்க படிச்சவங்க, கவர்மெண்ட் உத்யோகம். நான் என்ன சொல்றேன்னா, இந்த மைக்ல பேர் இல்லாமக் கூப்பிடக் கூடாது. பரசுராமண்ணா வந்தா என்னைக் கொன்னே போட்டுடுவார். வீட்டுக்குப் போய் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க. நான் வேணும்னா பாசிலைக் கூட அனுப்பறேன்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இரண்டு வருஷமாக ஒரு மனுஷனுடைய பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் எனக்கும் ஏதோ உறவு மாதிரி ஆகிவிட்டாள். ப்ளாஸ்க்கில் மிச்சம் இருந்த டீயை அவருக்கு ஊற்றிக் கொடுக்கலாம் என்று திரும்பிக் குனிந்தேன். டம்ளரை எடுக்கிற நேரம்தான். க்ளிக் என்று மைக் போடுகிற சத்தம் கேட்டது.

அவர் அந்தச் சொல்லைச் சொன்னார்.

அது என்ன சொல் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் வாய்விட்டுப் படிப்பீர்கள். நம்முடைய வா மாதிரிதான் இருந்தது, ஆனால் நம்முடையது அதன் நுனி மட்டும்தான் என்று கேட்டவுடன் தெரிந்தது. கத்தவில்லை. வீட்டுக்குள் அடுத்த அறையில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில்தான் சொன்னார். என் கால் தானாக ஒரு எட்டு அவர் பக்கம் வைத்தது. அல்லா சத்தியமாகச் சொல்கிறேன், நான் வைக்கவில்லை. வாழைப்பழத் தோலில் வாய் வைத்திருந்த ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கின. ஸ்பீக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சொல்லைத் தூரம் தூரமாகக் கொண்டுபோயின. கடைசி ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது சொல்லி முடிக்கிற நேரமும் தெரியும். அது சொல்லி முடித்த பிறகு, அதற்கும் அப்பால், ஸ்பீக்கரே இல்லாத மலைப் பக்கத்தில் இருந்து இன்னொரு தடவை கேட்டது.

நான் பாய்ந்து மைக்கை அணைத்தேன். "அறிவிருக்கா சார் உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு பெரியவர் வந்தார். தோளில் துண்டு, மழித்த முகம், சாதாரண மனுஷர். கயிற்றைத் தாண்டி நிழலுக்கு வந்து, "கூப்ட்டீங்களே" என்றார். நான் பழக்கத்தில் பேனாவை எடுத்தேன். "உங்க பேர் சொல்லுங்க பெரியவரே." அவர் யோசித்தார். நிஜமாகவே, வாய் அசைய, முயற்சி பண்ணினார். "பேரா? யாரும் கூப்புடாம ரொம்ப நாளாச்சும்மா. கூப்ட்டாத்தான தங்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் பாதத்தைப் பார்த்தேன். இந்த வெயிலில், இந்த ரோட்டில் நடந்து வந்த பாதம், இப்போதுதான் கழுவிவிட்டது போல இருந்தது.

அவருக்குப் பின்னால் ஒரு அம்மா, கையில் பையோடு. "பிலிச்சாரு கதம்மா" என்றாள் தெலுங்கில், கூப்பிட்டீங்க இல்லையா என்று. எந்த ஊர் என்று தெலுங்கிலேயே கேட்டேன். சிரித்தாள், அவ்வளவுதான். பிறகு இரண்டு பேராக, மூன்று பேராக வர ஆரம்பித்தார்கள். ஒருத்தன் இந்த வெயிலில் கம்பளி போர்த்தியிருந்தான். அவன் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை, குமரேசன் சாருக்கும் புரியவில்லை. ஆனால் அவனும் அதையேதான் சொல்கிறான் என்று தெரிந்தது. யாரும் அவசரப்படவில்லை, ஒருத்தரை ஒருத்தர் இடிக்கவில்லை, யாரையும் தேடவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. இந்த மையத்துக்கு வருகிற எவரும் யாரையாவது தேடிக்கொண்டுதான் வருவார்கள். கண் நாலு பக்கமும் ஓடும். இவர்கள் வந்து உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார்கள்.

எனக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் குரல், "மேரேகு கோன் புலாயே பேட்டி?" என்றது. என்னை யாரும்மா கூப்பிட்டது என்று, எங்கள் வீட்டு உருதுவில். வெள்ளை புர்காவின் ஓரம் மட்டும் கண்ணில் பட்டது. நான் திரும்பவில்லை. முகத்தைப் பார்த்தால் யார் என்று தெரிந்துவிடுமோ என்று பயம். மனசுக்குள் துஆ ஓதினேன். "உக்காருங்க" என்று மட்டும் சொன்னேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

பரசுராமண்ணா சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டே வந்தவர், தூரத்திலேயே நின்றுவிட்டார். நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். என்னிடம் வந்து, மெதுவாக, அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, "பேர் சொல்லாம யாரு கூப்ட்டது?" என்றார். நான் குமரேசன் சாரைக் காட்டினேன். அண்ணா திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. தொப்பியை மேஜை மேல் வைத்தார். "சரி. இனிமே நீ ஒண்ணும் பேசாத. இவங்களா எழுந்து போற வரைக்கும் மைக்ல ஒரு வார்த்தை பேசாத. யாரைக் கூப்ட்டாலும் தங்களைத்தான்னு எழுந்துக்குவாங்க."

"யாருண்ணா இவங்கள்லாம்?"

"யாரும் தேடாத ஜனங்க" என்றார். "போன தடவை, பிரசாத் கூப்ட்டப்ப, நாலஞ்சு பேருதான்."

குமரேசன் சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிசையாக நடந்து, குனிந்து, பெண்கள் முகத்தை மட்டும் இல்லை, எல்லா முகத்தையும் பார்த்தார். இல்லை. கடைசி நாற்காலி வரை போய்விட்டுத் திரும்பி வந்தவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பேரை வரவழைத்த மனுஷன், அவளை மட்டும் வரவழைக்க முடியாமல், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. இன்னொரு தடவை சொல்லப் போகிறாரோ என்று பரசுராமண்ணா அவர் வாயைப் பொத்தப் போனார்.

அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம், கம்பி வேலி ஓரமாக, ஒரு பெண் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மாம்பழக் கலர் புடவை, பச்சை பார்டர். நான் அவளை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் நான்தானே அவளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னதைவிட ஒல்லியாக இருந்தாள். ஒரு காலை லேசாகத் தூக்கி, வலிக்கிற காலை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றாள். மற்றவர்கள் மாதிரிப் பந்தலுக்கு அவள் வரவில்லை. ரோட்டைத் தாண்டக்கூட இல்லை.

"அருணா" என்றார் குமரேசன் சார். அவள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. அவர் திரும்ப வாயைத் திறந்தார். கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். என்ன தோன்றியதோ, வாயை மூடிக்கொண்டார். கையில் இருந்த செருப்பைக் கீழே வைத்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போய், ரோட்டில் இறங்கி, அவளிடம் நடக்க ஆரம்பித்தார். ரொம்ப மெதுவாக, கோழியைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி. நான் இதுவரைக்கும் அவர் அவ்வளவு மெதுவாக நடந்து பார்த்ததில்லை.

இன்னும் நாலு எட்டு இருக்கும்போது அவள் திரும்பினாள். வேலியை ஒட்டி நடந்தாள், நொண்டி நொண்டி. அவர் பின்னாலேயே போனார். எட்டிப் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. அவள் நின்றால் அவரும் நின்றார். எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பாவம், கடைசியில் சேர்ந்துவிட்டார்கள், எப்படியோ போகட்டும் என்று. பரசுராமண்ணா என் தோளைப் பிடித்து அழுத்தினார். அப்புறம்தான் எனக்கும் உறைத்தது. கிரிவலம் போகிறவர்கள் எல்லோருக்கும் மலை வலது கைப் பக்கம்தான் இருக்கும். கைக்குழந்தைகூட அப்படித்தான் போகும். இவர்கள் இரண்டு பேருக்கும் மலை இடது பக்கம் இருந்தது, சுடுகாட்டில் சுற்றுகிற மாதிரி.

"சாரைக் கூப்பிடறேன்ணா. அந்த ஆளை அப்படியே விடறதா?"

"வேணாம்மா."

"அவர் பேரு எனக்குத் தெரியும், ஊர் தெரியும். சட்டப்படிதான் கூப்பிடறேன். கையை விடுங்க."

கையை உதறிவிட்டு மைக்கைப் பிடித்தேன். தூரத்தில் அவர் வெள்ளைச் சட்டை ரோட்டு வளைவுக்குப் போய்விட்டது. அவளுக்குப் பின்னால், அவள் வேகத்துக்கு, தலையைக் குனிந்துகொண்டு. ஸ்விட்சைத் தட்டினேன். ஸ்பீக்கர்களில் என் மூச்சு கேட்டது. வேங்கிக்காலைச் சேர்ந்த குமரேசன் என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.